ஆசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டான்: வில் தேசிய விளையாட்டு, ஆனால் பதக்கம் ஏன் இல்லை?

நெடுவழி:

2023 ஹாங்சோ ஆசியப் போட்டி முடிந்த நாளிலிருந்து மனதில் கிடக்கும் கேள்வி இது. அந்தப் போட்டி வரைக்கும் கணக்கெடுத்தால், ஆசிய விளையாட்டில் ஒரு வெண்கலம்கூட வாங்காத நாடுகள் மூன்று: பூட்டான், மாலத்தீவு, கிழக்குத் திமோர். மாலத்தீவு 1982இல் டெல்லிக்கு வந்தது. பூட்டான் 1986இல் சியோலுக்கு. திமோர் விடுதலை பெற்ற 2002ஆம் ஆண்டிலேயே பூசானுக்கு வந்துவிட்டது.

மற்ற இரண்டு நாடுகளின் நிலை எனக்கு ஓரளவு பிடிபடுகிறது. பூட்டான் விஷயம்தான் புரியவில்லை. 1971இல் வில்வித்தையைத் தேசிய விளையாட்டாக அறிவித்த நாடு. 1984 முதல் 2008 வரை ஒலிம்பிக்குக்கு அவர்கள் அனுப்பிய அத்தனை பேரும் வில் எய்பவர்கள். 2012 லண்டனில்தான் முதன்முறையாக ஒரு துப்பாக்கி சுடும் வீராங்கனையும் சேர்ந்து போனார். ஆசியப் போட்டியில் 1978 முதல் வில்வித்தை இருக்கிறது. அப்படியும் ஒரு பதக்கம் இல்லை என்றால் எங்கே இடிக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ராஜாளி:

பூட்டான் தலைநகர் திம்புவில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சாங்லிமிதாங் ஸ்டேடியத்தை ஒட்டியே வில் மைதானம் இருக்கிறது. விடுமுறை நாளில் காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓயாது. புதிதாகப் போகிறவருக்கு இலக்கு எங்கே இருக்கிறது என்றே முதலில் தெரியாது. ஏறத்தாழ 140 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு மரப்பலகை நட்டிருப்பார்கள். அகலம் ஓரடி, உயரம் மூன்றடிக்குக் கொஞ்சம் மேல். விட்ட அம்பு வளைந்து மேலேறிக் கண்ணுக்குத் தப்பிவிடும். அந்தப் பக்கம் கூச்சல் எழும்போதுதான் எங்கே விழுந்தது என்று தெரியும்.

அந்தப் பக்கம் நிற்பவர்களைப் பார்த்தால் நமக்குப் பதறும். பலகைக்குப் பக்கத்திலேயே நின்று, இடப்புறம் போகிறது, குட்டையாக விழுகிறது என்று தங்கள் ஆளுக்குக் கைகாட்டுவார்கள். அம்பு நெருங்கும்போது சட்டென்று ஒதுங்குவார்கள். எதிரணியும் அங்கேயே நின்று எய்பவரைச் சீண்டிக் கத்தும். பலகையில் பட்டுவிட்டால் அணி மொத்தமும் கூடி, நிதானமாகப் பாடி ஆடும். எய்தவர் இடுப்புக் கச்சையில் ஒரு வண்ணத் துணியைச் செருகிக்கொள்வார். மாலை ஆக ஆக, கை நன்றாக ஓடியவரின் இடுப்பைச் சுற்றி வரிசையாகத் துணி தொங்கும்.

ஆளுக்கு இரண்டு அம்பு. எல்லோரும் எய்தபின் மைதானத்தைக் கடந்து நடந்து போய், அங்கிருந்து இந்தப் பக்கப் பலகைக்கு எய்வார்கள். பலகைக்கு ஓர் அம்பு நீளத்துக்குள் தரையில் குத்தினாலும் புள்ளி உண்டு. 25 புள்ளி எடுத்த அணிக்கு ஆட்டம்.

இந்த ஆட்டத்தில் ஊறியவர்களை ஹாங்சோவில் கொண்டுபோய் நிறுத்தினால் அது அவர்களுக்குப் புது விளையாட்டுதான். வில் என்ற பொருள் மட்டும்தான் பொது.

கயல்:

//ஏறத்தாழ 140 மீட்டர் தள்ளி ... அகலம் ஓரடி//

ராஜாளி அண்ணா, எனக்கு இதில்தான் குழப்பம். அவ்வளவு தூரத்தில் ஓரடிப் பலகையை அடிக்கிறவருக்கு 70 மீட்டரில் அதைவிடப் பெரிய இலக்கு சுலபமாக அல்லவா இருக்க வேண்டும்?

பாணன்:

கயல், அப்படித்தான் தோன்றும். வில்வித்தைப் போட்டிகளில் நடுவராக நின்றிருக்கிறேன், அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

ரிகர்வ் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) பிரிவில் தூரம் 70 மீட்டர், இலக்குத் தாள் 122 செ.மீ. ஆனால் தாளை அடிப்பதற்காக யாரும் அங்கே வருவதில்லை. நடுவில் 12.2 செ.மீ. அளவுள்ள பத்துப் புள்ளி வட்டம் இருக்கிறது. தகுதிச் சுற்றில் 72 அம்பு, மொத்தம் 720. ஓர் அம்பு ஏழில் விழுந்தால் போன மூன்று புள்ளி போனதுதான், அடுத்த அம்பு நட்ட நடுவில் குத்தினாலும் திரும்பாது. ராஜாளி சொன்ன ஆட்டத்தில் பல அம்புகள் தவறி ஒன்று பட்டாலும் ஊரே கொண்டாடும். இங்கே தவறக்கூடாது என்பதுதான் ஆட்டமே.

காம்பவுண்ட் (கப்பி பொருத்திய வில்) இன்னும் கறார். 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் 8 செ.மீ. தான். நாக் அவுட்டில் 15 அம்பு. இரண்டு மூன்று அம்பு ஒன்பதுக்குப் போனாலே வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்கு 20 விநாடி. தோள், முழங்கை, விரல், மூச்சு எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்காகத்தான் கொரியாவில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான அம்புகளை எய்கிறார்கள். ஆளுக்கு இரண்டு அம்பு எய்துவிட்டு மைதானத்தைக் கடக்கும் ஆட்டத்தில் அந்த எண்ணிக்கை வரவே வராது.

அப்புறம் இன்னொன்று. வில்வித்தைக்கு உலகத்திலேயே கடினமான கண்டம் ஆசியா. கொரியப் பெண்கள் அணி 1988இலிருந்து 2024 வரை பத்து ஒலிம்பிக்கிலும் தங்கம் எடுத்திருக்கிறது. லிம் சி-ஹியோன் ஹாங்சோவில் மூன்று தங்கம், மறு ஆண்டு பாரிஸில் மூன்று தங்கம். ஹாங்சோவில் காம்பவுண்ட் தங்கம் ஐந்தும் இந்தியாவுக்கு. இவர்களோடு சீனா, ஜப்பான், சீன தைபே. வேறு கண்டத்தில் பிறந்திருந்தால் பூட்டானுக்குப் பதக்கம் எப்போதோ வந்திருக்கலாம்.

சித்திரை:

அப்படியென்றால் நேராகவே கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். முடியாது என்று தெரிந்த இடத்துக்கு எதற்கு அணி அனுப்ப வேண்டும்? ஏழெட்டு லட்சம் மக்கள் உள்ள நாடு. விமானச் செலவு, உபகரணம், முகாம் எல்லாமே மக்கள் பணம். முதல் சுற்றில் தோற்றுத் திரும்புவதை எத்தனை தடவைதான் செய்வது? ஏழை நாடு எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நான் முதலில் இதைத்தான் விடச் சொல்வேன்.

கயல்:

சித்திரை, நான் டேக்வாண்டோ சொல்லிக்கொடுக்கிறவள். தோற்கப் போகிற பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பலாமா என்ற கேள்வி எங்களுக்குத் தினப்படி வருவது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிறிய நாட்டுக்கு ஒலிம்பிக் என்பது பெரும்பாலும் சிறப்பு அழைப்பு இடம்தான். இரண்டு மூன்று பேர் போவார்கள், ஒரு முறை களம் இறங்குவார்கள், முடிந்தது. ஆசியப் போட்டியில் பல விளையாட்டுகளுக்குத் தகுதி எல்லை கிடையாது. நாட்டின் ஒலிம்பிக் சங்கம் பெயர் கொடுத்தால் இறங்கலாம். தடகளத்தில் ஒரு பிரிவுக்கு இரண்டு பேர் வரை அனுப்பலாம். வில்வித்தையில் அணியாகவே இறங்கலாம். பூட்டானில் பிறந்த ஒரு பெண் தன் வயதுக்காரியான கொரியாக்காரியின் பக்கத்தில் நின்று 72 அம்பு எய்வதற்கு வேறு எத்தனை இடம் இருக்கிறது?

இதற்குப் பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019 நவம்பரில் பாங்காக்கில் நடந்த ஆசியத் தகுதிப் போட்டியில் பூட்டான் வில் வீராங்கனை கர்மா டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இடம் பிடித்தார். பூட்டான் 1984இலிருந்து ஒலிம்பிக் போகிறது. அழைப்பின் தயவில்லாமல் தகுதி பெற்றுப் போன முதல் ஆள் அவர்தான். பதக்கப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு 1984க்கும் 2021க்கும் நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

முகிலன்:

மாலத்தீவைப் பற்றி யாரும் பேசவில்லையே. மாலேயில் வேலை பார்க்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

சுமார் 1,200 தீவுகள், அத்தனையையும் சேர்த்தாலும் நிலம் ஏறக்குறைய 300 சதுர கி.மீ. தான். மாலேயில் வீட்டுக்கே இடம் இல்லை, மைதானத்துக்கு எங்கே போவது? தடகளம் என்றால் நெடுங்காலம் எக்குவேனி மைதானம் ஒன்றுதான். சுற்றிலும் கடல் இருக்கிறதே, நீச்சலில் கலக்கலாமே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மாலேயில் நீச்சல் போட்டிகள் பல காலமாகக் கடலோரத்தில் அடைத்த தடத்தில்தான் நடந்தன. உப்புநீரில் உடல் மிதக்கிற விதம் வேறு, அலை வேறு, திரும்பும்போது காலால் உந்துகிற சுவர் வேறு. அங்கே பழகியவர் சர்வதேசக் குளத்தில் இறங்கினால் முதல் திருப்பத்திலேயே நேரம் போய்விடும்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் ஹசன் சாயித் வந்தார். 2019 காட்மாண்டு தெற்காசியப் போட்டியில் 100 மீட்டரை 10.49 விநாடியில் ஓடித் தங்கம். தெற்காசியப் போட்டியில் மாலத்தீவின் முதல் தங்கம் அது. ஆசிய அளவுக்கு இன்னும் அரை விநாடி தூரம் இருக்கிறது. ஹாங்சோவில் சீனாவின் சியே சென்யே 9.97இல் ஜெயித்தார். அந்த அரை விநாடி எவ்வளவு பெரியது என்று ஓடியவர்களுக்குத் தெரியும்.

கால்பந்தில் கதை வேறு. 2008, 2018 இரண்டு தெற்காசியக் கால்பந்து இறுதிப் போட்டிகளிலும் இந்தியாவை வீழ்த்திக் கோப்பை வாங்கிய நாடு இது. சிறுவர்கள் சாயங்காலம் ஆனால் எங்கே இடம் கிடைத்தாலும் பந்தை உருட்டுகிறார்கள், உள்ளூர் கிளப்புகளுக்குள் கடும் போட்டி. எதில் வருடம் முழுக்க ஆடுகிறார்களோ அதில் ஜெயிக்கிறார்கள்.

பாணன்:

//எதில் வருடம் முழுக்க ஆடுகிறார்களோ அதில் ஜெயிக்கிறார்கள்//

முகிலன் தம்பி சொன்னதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். சித்திரை "அனுப்பலாமா" என்று கேட்கிறார். நான் கேட்பது "நடுவில் என்ன செய்கிறோம்" என்று. நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை பெரிய களத்தில் இறக்கிவிட்டு, மிச்ச நாளெல்லாம் உள்ளூரிலேயே எய்துகொண்டிருந்தால் எந்த நாட்டுக்கும் இதுதான் கதி.

வங்கதேசத்தைப் பாருங்கள். 2019 தெற்காசியப் போட்டியில் வில்வித்தை நேபாளத்தின் போக்கராவில் நடந்தது. இந்தியச் சங்கத்தை உலகச் சம்மேளனம் இடைநிறுத்தியிருந்ததால் இந்தியா களத்தில் இல்லை. பூட்டானுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எப்போது வரும்? பத்துத் தங்கம் இருந்தது. பத்தையும் வங்கதேசம் எடுத்தது. அந்தப் போட்டி முழுவதிலும் பூட்டானுக்கு 7 வெள்ளி, 13 வெண்கலம். தங்கம் ஒன்றுமில்லை.

வங்கதேசத்தில் வில் யாருக்கும் பாட்டன் சொத்து இல்லை. 2018இல் மார்ட்டின் பிரெடெரிக் என்ற ஜெர்மன் பயிற்சியாளர் வந்தார். முகாம் நிரந்தரமாக நடந்தது. உலகக் கோப்பைச் சுற்றுகளுக்கும் ஆசியச் சுற்றுகளுக்கும் அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். 2019 உலகச் சாம்பியன்ஷிப்பில் ரோமான் சானா வெண்கலம் வென்று டோக்கியோவுக்கு நேரடியாகப் போனார். வில்லோடு பிறந்த நாட்டை, வில்லைப் பிற்பாடு கையில் எடுத்த நாடு முந்தியது இப்படித்தான்.

சித்திரை:

பாணன் ஐயா, வங்கதேசத்தில் பதினேழு கோடிப் பேர் இருக்கிறார்கள். அதில் பத்து நல்ல கைகளைப் பொறுக்கி எடுப்பதும், ஏழெட்டு லட்சத்தில் பொறுக்குவதும் ஒன்றாகுமா? போதாக்குறைக்கு பூட்டான் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியா போகிறார்கள். பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள் ஆள் பெர்த்தில் இருப்பார்.

பதக்கம் வேண்டும் என்றால் பஹ்ரைன் வழி இருக்கிறதே: வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்துத் தங்கள் கொடியில் இறக்குவது. அதுவும் சின்ன நாடுதான். ஹாங்சோவில் 12 தங்கம்.

நெடுவழி:

பஹ்ரைன் வழி பூட்டானுக்கு நடக்கிற காரியமா? அவர்களிடம் எண்ணெய்ப் பணம் இருக்கிறது. கென்யாவில் பிறந்த வின்பிரெட் யாவி 2018, 2023 இரண்டு ஆசியப் போட்டியிலும் ஸ்டீபிள்சேஸ் (தடை தாண்டும் நெடுந்தூர ஓட்டம்) தங்கம், பாரிஸில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். அபாரமான ஓட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் 2017இல் உலகத் தடகளச் சங்கமே நாடு மாறுவதை நிறுத்திவைத்து, மறு ஆண்டு மூன்று வருடக் காத்திருப்பு விதியோடு திறந்தது. ஆப்பிரிக்கப் பிள்ளைகள் விலைபோகிறார்கள் என்ற கவலை அங்கேயே இருந்தது.

ராஜாளி:

பணம் இருந்தாலும் பூட்டான் அதைச் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. செய்யவும் வேண்டாம். நான் பாடம் எடுத்த பள்ளியில், தங்கள் நாட்டு வீரர் வெளிநாட்டில் இறங்குகிறார் என்றால் அவர் எந்தப் பள்ளத்தாக்குக்காரர், யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் முதலில் கேட்பார்கள். யாரோ ஒருவர் அவர்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு தங்கம் வாங்கினால் அந்தப் பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது?

சித்திரை சொன்ன ஆஸ்திரேலியா விஷயம் உண்மை, வலிக்கிற உண்மை. இருபது வயதில் கை நன்றாக நிற்கிற பையனுக்கு இங்கே என்ன வருமானம் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. விளையாட்டுக்காரருக்கு மாதச் சம்பளமும் பிற்பாடு ஒரு வேலையும் உறுதி செய்யாமல் பயிற்சியாளரை மட்டும் கொண்டுவந்து பிரயோஜனம் இல்லை. அனுப்புகிற செலவைவிட இந்தச் செலவைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கயல்:

வில்லை விட்டு வேறு பக்கம் பார்க்கலாமே. சண்டை விளையாட்டுகளில் சிறிய நாட்டுக்குச் சாதகமான ஒரு கணக்கு இருக்கிறது. டேக்வாண்டோவில் அரையிறுதியில் தோற்கிற இருவருக்கும் வெண்கலம். ஒரு எடைப்பிரிவில் பதினாறு பேர் வந்தால் இரண்டு ஆட்டம் ஜெயித்தாலே பதக்கம். கராத்தே, ஜூடோவிலும் இரண்டு வெண்கலம் உண்டு. எடைப்பிரிவுகள் நிறைய. நூறு பேரில் முதல் மூன்று பேராக வர வேண்டிய மாரத்தானோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கம்போடியா இந்த வழியில்தான் வந்தது. 2014 இஞ்சியோனில் சோர்ன் சியாவ்மெய் டேக்வாண்டோவில் தங்கம். ஆசியப் போட்டியில் அந்த நாட்டின் முதல் தங்கம் அது. சோய் யோங்-சோக் என்ற கொரியப் பயிற்சியாளர் பல ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து வளர்த்த அணி. போட்டிக்கு ஆறு மாதம் முன்னால் வந்து பெட்டியைத் திறந்து, முடிந்ததும் மூடிக்கொண்டு போகிற பயிற்சியாளர் இல்லை. ஹாங்சோவில் நேபாளத்துக்கு எரிகா குருங் கராத்தேயில் வெள்ளி எடுத்தார். மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் காலும் மூச்சும் இயற்கையிலேயே பலம். டோக்கியோவுக்கு பூட்டானிலிருந்து ஜூடோ வீரர் ஒருவர் போயிருந்ததை மறந்துவிட வேண்டாம்.

முகிலன்:

கயல் அக்கா கணக்கு சரி. ஆனால் குலுக்கலில் முதல் ஆட்டமே கொரியா, ஈரான், உஸ்பெகிஸ்தான் என்று விழுந்தால்?

கயல்:

விழும். முகிலன், அதற்குத்தான் நடுவில் ஆட வேண்டும் என்கிறேன். தரவரிசைப் புள்ளி இல்லாதவருக்கு அந்த மாதிரி ஆட்டம்தான் முதலில் மாட்டும். நாலைந்து சர்வதேசப் போட்டிகளில் ஆடிக் கொஞ்சம் மேலே ஏறியவருக்குக் கொஞ்சம் தள்ளி மாட்டும். தோல்வியே எதிர்ப்பட்டாலும், முன்பு ஒரு ஈரானியரோடு ஆடியவர் இரண்டாவது தடவை அந்த உதையின் வேகத்தைக் கண்டு உறைய மாட்டார். என் மாணவர்களிடம் நான் நேரில் பார்ப்பது இது. முதல் வெளிப்போட்டியில் பாதிப் பேர் எதிராளியைப் பார்ப்பதே இல்லை, அவர் சட்டையில் இருக்கும் நாட்டுப் பெயரைத்தான் பார்க்கிறார்கள்.

நெடுவழி:

தோல்வி பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஹாங்சோவில் மங்கோலியா கிரிக்கெட் ஆடியது நினைவிருக்கிறதா? ஆண்கள் ஆட்டத்தில் நேபாளம் 314/3, அன்றைக்கு அது டி20 உலக சாதனை. தீபேந்திர சிங் ஐரி 9 பந்தில் அரைசதம். மங்கோலியா 41க்கு ஆல் அவுட். அதற்குச் சில நாள் முன்பு இந்தோனேசியாவிடம் மங்கோலியப் பெண்கள் அணி 15 ரன். இந்த அளவுக்கு அடி வாங்குவதிலும் பாடம் இருக்கிறதா, இல்லை மனம் உடைந்துபோவதுதான் மிச்சமா?

பாணன்:

அந்த மங்கோலிய ஆண்கள் அணிக்கு அது முதல் சர்வதேச டி20 ஆட்டம். தொடக்கத்தில் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

பூட்டான் கால்பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000 பிப்ரவரியில் குவைத்திடம் 20-0. அப்போதும் சிலர் கேட்டிருப்பார்கள், எதற்கு இந்த அவமானம் என்று. 2002 ஜூன் 30 அன்று, உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்த அதே நாளில், சாங்லிமிதாங்கில் மான்ட்செராட்டை 4-0 என்று ஜெயித்தார்கள். தரவரிசையில் கடைசி இரண்டு இடத்தில் இருந்த நாடுகளின் ஆட்டம் அது. 2015 மார்ச்சில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. தரவரிசையில் 209ஆவது, அதாவது ஆகக் கடைசி. கொழும்பில் இலங்கையை 1-0, திம்புவில் 2-1. திம்புவில் இரண்டு கோலும் செஞ்சோ கியெல்ட்ஷென். அந்தப் பையன் பிறகு இந்தியக் கிளப்புகளில் ஆடினார். குவைத் ஆட்டத்தோடு கடையைச் சாத்தியிருந்தால் செஞ்சோ என்ற ஆட்டக்காரரே வந்திருக்க மாட்டார்.

சித்திரை:

ஐயா, அதே 2015இல் அடுத்த சுற்றில் கத்தாரிடம் 15-0, சீனாவிடம் 12-0. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

பாணன்:

சேர்த்தே சொல்கிறேன். இலங்கையை வென்றதால்தான் கத்தாரோடு ஆடும் சுற்றுக்கே போனார்கள். ஏறிய படியில் அடி விழுந்தது. ஏறியது பொய்யாகிவிடாது. எனக்கு 15-0இல் உள்ள வருத்தம் வேறு: அந்தச் சுற்றுக்கு முன் அவர்களுக்குக் கத்தார் தரத்தில் எத்தனை பயிற்சி ஆட்டம் கிடைத்தது? அதுதான் என் கேள்வி.

ராஜாளி:

தோற்கிறவர்களைப் பார்வையாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் பூட்டானின் கின்சாங் லாமோ 80ஆவதாக, அதாவது கடைசியாக வந்தார். நேரம் 3:52:59. ஜெயித்த சிபான் ஹசன் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. 11 பேர் நடுவிலேயே விலகிவிட்டார்கள். அவர் விலகவில்லை. தெருவோரம் இருந்தவர்கள் கூடவே ஓடியும் சைக்கிள் மிதித்தும் கொண்டுவந்து சேர்த்தார்கள். பூட்டான் மலைகளில் ஐந்து நாள் நடக்கும் 203 கி.மீ. ஓட்டத்தில் இரண்டாம் இடம் பிடித்தவர் அவர். கடல்மட்டத்தில், தார்ச்சாலையில், அந்த வேகத்தில் ஓடுவதுதான் அவருக்குப் புதுசு. வில்லாளிகள் கதைதான் இங்கேயும்: உள்ளூரில் இருக்கும் பெரும் திறமை, உலகம் நடத்தும் ஆட்டத்தின் அளவுக்குள் அப்படியே பொருந்துவதில்லை.

திமோரின் அகுய்தா அமரால் 2000 சிட்னியில் ஒலிம்பிக் கொடியின் கீழ் ஓடினார், நாடு அப்போது இன்னும் பிறக்கவில்லை. ஸ்டேடியத்துக்குள் நுழைந்ததும் ஓட்டம் முடிந்தது என்று மண்டியிட்டு வணங்கிவிட்டார். இன்னும் ஒரு சுற்று இருக்கிறது என்று சொல்லித்தான் எழுப்பினார்கள். எழுந்து ஓடி முடித்தார். இதையெல்லாம் மக்கள் பணம் வீண் என்று கணக்கெழுத எனக்குக் கை வராது, சித்திரை.

சித்திரை:

உணர்வை மதிக்கிறேன் அண்ணா. ஆனால் "கலந்துகொண்டாலே போதும்" என்று நாம் கைதட்டுவதும் அந்த வீரர்களுக்கு நல்லதில்லை. அவர்கள் ஜெயிக்கத்தான் வருகிறார்கள். அதனால்தான் கேட்கிறேன், பதக்கம் அளவுகோல் இல்லை என்றால் வேறு எதை வைத்து அளப்பது? ஏதாவது ஒன்று இருந்தால்தான் அதிகாரிகளைக் கேள்வி கேட்க முடியும்.

பாணன்:

இது நல்ல கேள்வி. வில்வித்தையில் அளவுகோல் கையிலேயே இருக்கிறது: தகுதிச் சுற்று மொத்தம். நாக் அவுட்டில் யாரோடு மாட்டுவோம் என்பது தகுதிச் சுற்றில் பிடித்த இடத்தைப் பொறுத்தது, அங்கே முடிவு எதிராளியின் கையிலும் இருக்கிறது. 72 அம்பின் கூட்டுத்தொகையில் எதிராளியே கிடையாது. பாரிஸில் லிம் சி-ஹியோன் எடுத்தது 694, உலக சாதனை. ஒரு பூட்டான் பெண் ஒரு போட்டியில் 620 எடுத்து, அடுத்ததில் 635 எடுத்தால் முதல் சுற்றில் தோற்றாலும் முன்னேற்றம். நான்கு ஆண்டு கழித்தும் அதே 620 என்றால் யாரையாவது கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு சின்ன ஆறுதல், ஆசியப் போட்டியில் தனிநபர் நாக் அவுட்டுக்கு ஒரு நாட்டிலிருந்து இரண்டு பேர்தான் போக முடியும். ஹாங்சோவில் நான்கு பேர் எய்தாலும் கொரியாவுக்கும் இந்தியாவுக்கும் இரண்டு இடம்தான். அந்தக் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கிறது.

ராஜாளி:

இன்னொரு கதவும் திறக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் பிரிவு முதன்முறையாக வருகிறது. ஆசியப் போட்டியில் 2014 முதலே காம்பவுண்ட் உண்டு. திம்பு மைதானத்தில் இன்று மூங்கில் வில் பிடிப்பவரைவிடக் காம்பவுண்ட் பிடிப்பவர் அதிகம். பரம்பரையாகக் காம்பவுண்டைத் தொட்டு வளரும் பையன்கள் உலகத்தில் வேறு எங்கே இவ்வளவு பேர் இருக்கிறார்கள்? இதுவரை அந்த வில்லுக்கு ஒலிம்பிக் இடமே இல்லாததால், ஒலிம்பிக்கை நம்பி வருகிற உதவி ரிகர்வ் பக்கம் போயிருக்கும். இனி காம்பவுண்டுக்கும் முகாம் போட அரசிடம் காரணம் சொல்ல முடியும். தூரத்தை 140இலிருந்து 50க்குச் சுருக்கி, ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் நாள் முழுக்க எய்ய வைக்க வேண்டும். பெண்கள் விஷயத்தில் முன்னேற வேண்டியது நிறைய. ஊர் ஆட்டம் பெரும்பாலும் ஆண்கள் ஆட்டமாகவே இருந்துவிட்டது. கர்மா போன்றவர்கள் வந்தது தேசிய முகாம் வழியாகத்தான்.

கயல்:

கலப்பு இரட்டையர் என்றால் இரண்டே பேர். ஏழெட்டு லட்சம் பேர் உள்ள நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு எது? பெரிய நாட்டுக்கும் இரண்டு பேர்தான், இவர்களுக்கும் இரண்டு பேர்தான்.

சித்திரை:

சரி, இதற்குச் செலவழிக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். பெயரளவுக்குப் பத்து விளையாட்டுக்கு ஆளுக்கு ஒருவர் அனுப்புவதைக் குறைத்து, அந்தப் பணத்தில் இரண்டு பேரை ஆண்டுக்கு நாலைந்து ஆசியச் சுற்றுகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது என் நிபந்தனை.

கயல்:

பத்தைக் குறைக்க வேண்டாம் என்பேன். மற்ற எட்டுப் பேருக்கும் அது ஒன்றுதான் வாசல். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

நெடுவழி:

ஜப்பானின் ஐச்சி–நகோயா ஆசியப் போட்டி 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. பூட்டான் வில்லாளிகளின் தகுதிச் சுற்று மொத்தங்களை, பழைய போட்டிகளில் கிடைப்பதையும் சேர்த்து, ஒரு தனி இழையில் தொகுக்கத் தொடங்குகிறேன். பாணன் ஐயா, ரிகர்வையும் காம்பவுண்டையும் தனித்தனியாகப் போடலாமா, காற்று விவரமும் வேண்டுமா?

பாணன்:

தனித்தனியாகத்தான் போட வேண்டும், இரண்டையும் கலந்தால் கணக்கு குழம்பும். காற்று விவரம் கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் அதே நாளில் முதலிடம் பிடித்தவரின் மொத்தத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். எல்லோருக்கும் அடித்த காற்று ஒன்றுதான், வித்தியாசத்தைப் பார்த்தாலே போதும்.